சுரங்க மேலாளர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: ஜஸ்வந்த் சிங் கில் என்ற பாடம்

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமான டிஜிஎம்எஸ் நடத்தும் முதல் வகுப்புச் சுரங்க மேலாளர் தேர்வுக்கு என்ன படிக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டால், புத்தகப் பெயர்களுக்கு முன்னால் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வது என் வழக்கம். ஜஸ்வந்த் சிங் கில். அவர் செய்த ஒரு வேலையை முழுசாகப் புரிந்துகொண்டால், வெள்ள அபாயம், மீட்புப் பணி, மேலாளரின் பொறுப்பு ஆகிய மூன்று தலைப்புகளும் ஒன்றாகக் கைக்கு வந்துவிடும். நான் அப்படித்தான் படித்தேன்.

கில் அமிர்தசரஸ் பக்கத்துக்காரர். தன்பாத் இந்திய சுரங்கக் கல்லூரியில் 1965-இல் பொறியியல் முடித்தவர். நிலக்கரி நாட்டுடைமையான பிறகு அரசு நிறுவனமான கோல் இந்தியாவில் பணி. 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் வெடி வைத்தபோது, நீர் தேங்கி நின்ற பழைய பகுதி உடைந்து வெள்ளம் உள்ளே புகுந்தது. கீழே சுமார் 220 பேர். பெரும்பாலோர் மேலே வந்துவிட்டார்கள். 6 பேர் மூழ்கி இறந்தார்கள். 65 பேர் சுரங்கத்தின் மேடான பகுதியில் ஒதுங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். சீமின், அதாவது நிலக்கரி அடுக்கின், சரிவைக் கோடாக வரையுங்கள். தாழ்ந்த முனையிலிருந்து நீல பென்சிலால் நீரை நிரப்பிக்கொண்டே வாருங்கள். உயரமான கேலரியில் (சுரங்கப் பாதையில்) கொஞ்சம் வெள்ளை மிஞ்சும். ஆட்கள் இருக்கக்கூடிய இடம் அதுதான். மேலிருந்து துளை போட வேண்டிய இடமும் அதுதான். அந்த இடத்தை நிலத்தின் மேல் மிகச் சரியாகக் குறிக்க சர்வே பிளான் வேண்டும். சர்வே பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை வரைந்து பார்க்கட்டும். பிளானில் சில மீட்டர் தவறினால் துளை, கூரையைத் தாங்க விட்டுவைத்த வெறும் நிலக்கரித் தூணில் போய் இறங்கும்.

முதலில் சிறு துளை வழியாகத் தொடர்பு கிடைத்தது, உணவும் போனது. பிறகு அகலமான துளை. அதில் இறக்க, இரண்டு அடிக்கும் குறைவான அகலத்தில், ஒருவர் மட்டும் நின்றபடி வரக்கூடிய இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்தார்கள். இந்த முறை உலகத்துக்குப் புதிதல்ல. 1955-இல் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்திலும், 1963-இல் லெங்கெடேயிலும் இப்படி ஆட்களை மீட்டிருக்கிறார்கள். கில் அதை ராணிகஞ்சில், கையில் கிடைத்த பொருளை வைத்துச் செய்துகாட்டினார். கூண்டில் தானே இறங்கினார். கீழே நின்று 65 பேரையும் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, நவம்பர் 16 அன்று கடைசி ஆளாக மேலே வந்தார். 1991-இல் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கியவர் அன்றைய குடியரசுத் தலைவர், நம் ஊர் ஆர். வெங்கட்ராமன்.

இனி விதிமுறைக்கு வருவோம். கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதிக்கு 60 மீட்டருக்குள் முன் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. அப்படி நெருங்கும் கேலரியின் உயரமும் அகலமும் 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்புக்கு (வெட்டிக்கொண்டே போகும் சுவருக்கு) முன்னால் குறைந்தது 3 மீட்டருக்குச் சோதனைத் துளை எப்போதும் இருக்க வேண்டும். இவை நிலக்கரிச் சுரங்க விதிகளில் 1957 தொட்டு இருப்பவை. 2017-இல் புது விதிகள் வந்துவிட்டதால் பிரிவு எண்களைப் பழைய நோட்டிலிருந்து எடுக்காதீர்கள். தேர்வில் எண்ணைத்தான் கேட்பார்கள், மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 டன் அழுத்தம். 2.4-க்கு 2.4 முகப்பில் அது ஏறக்குறைய 345 டன். இதற்கு அப்புறம் அந்த எண்கள் உங்களுக்கு மறக்காது.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் நடந்த சாஸ்நாலா சுரங்க விபத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அங்கும் பழைய சுரங்க நீர்தான், 375 பேர் போனார்கள். மகாபீரில் ஆட்கள் ஒதுங்க ஒரு மேடும், எட்டக்கூடிய ஆழமும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதிய விடை, வெறும் காரணப் பட்டியலைவிட உங்களை நன்றாக யோசிக்க வைக்கும்.

நம் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நெய்வேலியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுரங்கம் என்றால் திறந்தவெளி. அங்கும் தண்ணீர்தான் பெரிய சவால், ஆனால் அது பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து அழுத்தும் ஊற்று நீர். இரவு பகலாகப் பம்ப் செய்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்தின் இருட்டும் கூரையும் பழகாமல் காற்றோட்டம், வெள்ளம் பற்றிய பகுதிகள் மண்டையில் ஏறாது. பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைத்தால் தெலங்கானாவின் சிங்கரேணி போன்ற இடத்தில் நிலத்தடிச் சுரங்கத்தைக் கேளுங்கள். 2019 முதல் பெண்களும் உள்ளே வேலை செய்யலாம் என்பதால் தங்கைகளும் தயங்காமல் கேட்கலாம். இறங்கினால், விளக்கு கொடுத்து வாங்கும் லாம்ப் ரூமின் பதிவேட்டு முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். யார் விளக்கு வாங்கினார், யார் திருப்பித் தரவில்லை என்பது அதில் இருக்கும். விபத்து நேரத்தில் கீழே எத்தனை பேர் என்ற முதல் கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் வரும்.

கில் 1998-இல் ஓய்வு பெற்றார். 2019 நவம்பர் 26 அன்று அமிர்தசரசில் காலமானார். நவம்பர் 16-ஐ கோல் இந்தியா மீட்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அவரைக் கொண்டாட நம்மிடம் இருக்கிற வழி, அந்த வெள்ள அபாயப் பிரிவைப் படம் வரைந்து, கணக்கு போட்டு, நம் பொறுப்பில் வரப்போகும் ஆட்களை நினைத்துப் படிப்பது. ஷிப்டுக்கு முன்னால், கீழே வேலையை மேற்பார்க்கும் ஓவர்மேன் "முகப்பில் ஈரம் கசியுது சார்" என்று வந்து நின்றால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.