டொரிவல் காயிமியின் கடல் பாட்டுகள்: கிற்றார் பிடிக்கிறவர்களுக்கு

பிரேசில் பாட்டுப் பழக ஆசைப்படுகிற பொடியன்மார் நேரே போசா நோவாவில், சம்பாவிலிருந்து வந்த அந்த மெல்லிய பாணியில், போய் விழுவார்கள். விழட்டும். ஆனால் அதற்கு முன்னால் நிற்கிற ஆளைப் பார்க்காமல் போகக்கூடாது. போசா நோவாவைத் தொடக்கிவைத்த ஜொவாவோ ஜில்பெர்த்தோ 1959, 1960, 1961 என்று வெளியிட்ட முதல் மூன்று இசைத்தட்டுகளிலும் டொரிவல் காயிமியின் பாட்டு இருக்கிறது. கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கிழக்கிலங்கைக் கடலோரம் இருந்து கிற்றார் பிடிக்கிறவருக்குக் காயிமி இன்னும் கிட்டத்து ஆள், ஏனென்றால் மீன்பிடிகாரரின் பாட்டுகளால்தான் அவர் பேர் நிலைத்தது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1914 ஏப்ரல் 30 அன்று பாஹியா மாநிலத்துச் சல்வடோர் நகரில் பிறந்தார். கிற்றார் தானாகப் பழகியது. சல்வடோருக்கு வெளியே இருந்த இட்டபுவா என்ற மீனவக் கிராமத்தில் கண்டதெல்லாம் பிறகு பாட்டாக வந்தது. 1938இல் கப்பலேறி ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார். அடுத்த வருசமே பாடகி, நடிகை கார்மென் மிராண்டா ஒரு படத்தில் அவருடைய பாட்டைப் பாட, இரண்டு பேருக்கும் யோகம் அடித்தது. பாஹியாப் பெண்ணின் உடுப்பையும் நகையையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிற பாட்டு அது. மிராண்டாவின் அடையாளமாகிப்போன அந்த அலங்காரமும் அதோடு வந்ததுதான். 1940இல் ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் பாடிவந்த பெண்ணைக் கலியாணம் முடித்தார். பிள்ளைகள் நானா, டோரி, டனிலோ மூவரும் இசையில்தான். 2008 ஆகஸ்ட் 16 அன்று 94 வயதில் காலமானார். பதினொரு நாள் கழித்து மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு நீண்ட ஆயுளுக்கு அவர் விட்டுப்போனது ஏறக்குறைய நூறு பாட்டுத்தான். சோம்பேறி என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணுகிறவர்கள் அவருடைய பாட்டு ஒன்றை எடுத்து, அதில் வெட்டக்கூடிய ஒரு சொல்லைக் காட்டட்டும் பார்ப்போம்.

தொடங்க வேண்டிய இடம் 1954இல் வந்த ‘கன்சொயிஸ் பிரையேராஸ்’ (கடற்கரைப் பாட்டுகள்) என்ற பத்து அங்குல இசைத்தட்டு. எட்டே பாட்டு. வாத்தியக் குழு கிடையாது, ஒரு குரலும் ஒரு கிற்றாரும்தான். ‘ஓ மார்’ (கடல்) அதில்தான் இருக்கிறது. பெத்ரோ பின்னேரம் ஆறு மணிக்குத் தோணி எடுப்பான், விடியக் கரைக்கு வருவான். ஒருநாள் வரவில்லை. கிராமத்துக்கு வெகு தூரத்தில், மீன் அரித்த உடம்பு கரையில் ஒதுங்குகிறது. அவனை விரும்பிய பெண் அலையைப் பார்த்துக்கொண்டு கரையில் அலைகிறாள். பாட்டு ஒப்பாரிக்குப் போகாது. கடல் உடையும்போது எவ்வளவு வடிவு என்ற தொடக்க வரியையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

அதே தட்டிலுள்ள ‘பெஸ்காரியா’ (மீன்பிடி) வேலைப் பாட்டு. மீனை வளை, துடுப்பை அடி, கயிற்றை இழு, வலையைச் சேர் என்று ஏவல் ஏவலாகப் போகும். பாஹியாக் கரையில் ஷரேயு என்ற பாரை இன மீனுக்குப் பெரிய வலை வளைத்து, பாட்டோடு இழுப்பது பழைய வழக்கம். நம்ம கரைவலையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கிற அம்பாப் பாட்டைக் கேட்டவருக்கு இந்தப் பாட்டு ஒரு தரம் கேட்டாலே பிடிபடும்.

இனிக் கைக்கு வருவோம். நம்ம பக்கத்துக் கிற்றார்க் கைக்கு பைலா ஊறிக் கிடக்கிறது. பறங்கியர் கலியாண வீட்டுக் கப்ரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து வந்த ஆறு அடி ஓட்டம், ‘தகிட தகிட’. காயிமியின் சம்பாவுக்கு, அந்தப் பிரேசில் ஆட்டத் தாளத்துக்கு, எட்டு அடி வேண்டும். வாயால் ‘தகிட தகிட தக’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு ‘த’விலும் ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் சேர்ந்து மேல்சுருதிக் கம்பிகளைக் கொளுவ வேண்டும். கட்டைவிரல் முதல் ‘த’விலும் ஐந்தாவது அடியிலும், அதாவது இரண்டாவது தகிடவின் ‘கி’யிலும், கீழ்ச்சுருதிக் கம்பியைத் தட்ட வேண்டும். அந்தக் ‘கி’யில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். கட்டைவிரலை விரல்களோடு சேர்த்து ‘த’வுக்கு இழுத்துவிட்டால் ஓட்டம் தட்டையாகிவிடும். கடைசித் ‘தக’வை விழுங்கினால் பைலாதான். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு நாலு அடி என்று எண்ணி, முதலில் கட்டைவிரலை மட்டும் பழகுங்கள். அது தன்பாட்டில் போகத் தொடங்கிய பிறகு விரல்களைச் சேருங்கள்.

கடல் பாட்டுகளுக்கு இந்த ஓட்டம் எப்போதும் ஒத்துவராது. ‘ஓ மார்’ தொடக்கம் தாளத்துக்குக் கட்டுப்படாது. வரியைப் பாடி முடித்து, பிறகு கோட் (chord) ஒன்றைப் போட்டு, ஒலி அடங்குமட்டும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்ட்ரம் பண்ணி நிரப்பினால் பாட்டுச் செத்துவிடும்.

பாஹியா நாவலாசிரியர் ஜோர்ஜ் அமாடோவோடு சேர்ந்து எழுதிய ‘ஏ டோசி மொரேர் நோ மார்’ (கடலில் சாவது இனிது) மைனர் பாட்டு, முதலில் எடுக்க லேசு. ஏ மைனர், டி மைனர், ஈ செவன் மூன்றும் வைத்துத் தொடங்கலாம். கொஞ்சம் காயிமி வாசம் வர வேண்டுமென்றால், ஏ மைனர் பிடித்தபடி மூன்றாம் கம்பியில் இரண்டாம் பிரெட்டிலுள்ள விரலை எடுத்துவிட்டு, சின்னவிரலை அதே கம்பியின் நாலாம் பிரெட்டில் வையுங்கள். பி சுரமும் சி சுரமும் ஒட்டி நின்று உரசும். அந்த உரசல் கேட்க வேண்டுமானால் மேல்சுருதிக் கம்பி மூன்றையும் ஒரே நேரத்தில் கிள்ள வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக வருடினால் போய்விடும்.

குரலில் ஒரு எச்சரிக்கை. சினிமாப் பாட்டுப் பழகியவர்கள் நீண்ட சுரத்தில் கமகம் போடாமல் விடமாட்டார்கள். காயிமி கனத்த, ஆழமான குரலில் சுரத்தை நேரே பிடித்து நேரே விடுவார். அவருடைய சுருதியில் பாட எல்லாருக்கும் தொண்டை இராது. சுருதி ஏற்றக் கழுத்தில் கவ்வுகிற கப்போவை மேலே ஏற்றிக்கொண்டே போனால் கீழ்ச்சுருதிக் கம்பியின் கனம் குறைந்துவிடும், அதைவிடக் கோட் பிடிகளை மாற்றிப் பிடிப்பது நல்லது.

கம்பி நைலோன்தான். கடற்காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். நைலோன் செட்டிலும் சுற்றுக்கம்பி மூன்றும் கறுத்து மங்கும், ஆகவே வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பைக்குள் வையுங்கள். நைலோன் கிற்றாரில் ஸ்டீல் செட்டைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். நைலோன் செட்டின் மொத்த இழுவை ஏறக்குறைய 40 கிலோ. வழக்கமான ஸ்டீல் செட் 70 கிலோவுக்குக் கிட்ட இழுக்கும். பிரிட்ஜ் பலகையோடு கிளம்பி வரும்.

கூட்டமாகப் பாட ஆளிருந்தால் 1957இல் வந்த ‘காயிமி ஈ ஓ மார்’ (காயிமியும் கடலும்) தட்டிலுள்ள மீனவர் கதையை எடுங்கள். ஆறு பகுதி: புறப்பாடு, மனைவியின் விடைகொடுப்பு, புயல், மணப்பெண்ணின் பாட்டு, இழவு வீடு, மறுநாள் காலை. மூன்று நாலு குரல் வேண்டும். அதில் குறைந்தது இரண்டு பெண்குரலாக இருந்தால் நல்லது. கடைசிப் பகுதியில் முதல் பகுதியின் மெட்டே திரும்ப வரும், தோணி மறுபடி கடலுக்குப் போகிறது. இழவுப் பாட்டு இப்போதுதானே முடிந்தது என்று அதை இழுத்துச் சோகமாகப் பாடுகிற ஆசை வரும். வேண்டாம், முதலில் பாடிய அதே வேகத்தில் பாடுங்கள்.