ப்ரோக்கோலி பாஸ்தா: மூன்றாவது தடவையில் பிடிபட்டது

ஞாயிற்றுக்கிழமை கோழி ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைக்க, காய்கறி நிறையப் போட்ட ஒரு பாஸ்தா வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இத்தாலியின் தெற்கில் பூலியா பகுதியில் 'ஒரெக்கியெத்தே' என்று காது வடிவத்தில் பாஸ்தா செய்வார்கள். சீமே தி ராபா என்ற லேசான கசப்புக் கீரை, பூண்டு, மிளகாய், உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான் சாமான். அங்கே கறியோ மீனோ வருவதற்கு முன்னால் அது தனியாகவே பரிமாறப்படும். நான் அளவைக் குறைத்து சைட் டிஷ் ஆக்கிக்கொண்டேன். அந்தக் கீரை இங்கே கிடைக்காததால் ப்ரோக்கோலி, காதுக்குப் பதில் குழல் வடிவ பென்னே பாஸ்தா.

முதல் தடவை பாஸ்தாவை வேகவைத்து, தண்ணீரை முழுக்கக் கொட்டி, குழாயடியில் வேறு அலசிவிட்டேன். ப்ரோக்கோலியைத் தனியே வதக்கிக் கலந்தேன். எண்ணெய் ஒரு பக்கம், பாஸ்தா ஒரு பக்கமாகத் தட்டில் நின்றது. பூண்டும் சிவந்து கசந்துவிட்டது. பாஸ்தாவும் குழைந்துபோனது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மைதா கலந்தது. இத்தாலியில் 1967இலிருந்தே சட்டப்படி உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும். அந்தக் கோதுமைக்குத்தான் வெந்தும் உடையாத உறுதி இருக்கிறது. அதிலிருந்து டியூரம் என்று போட்டிருந்தால்தான் வாங்குகிறேன்.

இரண்டாம் தடவை பூலியாக்காரர்கள் செய்வதுபோல ஒரே பாத்திரம். 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் கல் உப்பு, 200 கிராம் பாஸ்தா, 350 கிராம் ப்ரோக்கோலி. தண்டின் தோலைச் சீவிப் பொடியாக நறுக்கினேன். தண்டில்தான் இனிப்பு இருக்கிறது, தூக்கிப் போடாதீர்கள். ப்ரோக்கோலி 5 நிமிடம் கொதித்ததும் அதிலேயே பாஸ்தா. காய் நறுக்கென்று இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதில் பூவெல்லாம் குழைந்து பாஸ்தாவின் குழலுக்குள் புகுந்து, அதுவே சாஸாகிவிடுகிறது.

பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்னதாகவே வடித்தேன். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளரை எடுத்து வைத்தபோது அம்மா, "கஞ்சியை எதுக்குடி எடுத்து வைக்கிற?" என்றார். உண்மையிலேயே கஞ்சிதான் அது. பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. 4 மேசைக்கரண்டி எண்ணெயில் 4 பல் பூண்டையும் 2 வரமிளகாயையும் சிறு தீயில் போட்டு, பூண்டின் ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதும் அரை டம்ளர் கஞ்சியை ஊற்றினேன். சுர்ரென்று பொங்கி, வாணலியை ஆட்ட ஆட்ட வெளுத்துத் திக்கானது. பாஸ்தாவைப் போட்டு 2 நிமிடம் புரட்டியதும் ஒவ்வொரு குழலிலும் மினுமினுப்பு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்!

மூன்றாம் தடவை, போன ஞாயிறு, நெத்திலியும் சேர்ந்தது. பூலியாக்காரர்களுடையது உப்பில் பதமாகி எண்ணெயில் கரைந்துவிடும். நம் கருவாடு கரையாது. வெந்நீரில் அலசி, தலை கிள்ளி, பொடியாக நறுக்கிப் பூண்டுக்கு முன்பே பொரித்தேன், உப்பையும் 15 கிராமாகக் குறைத்தேன். கரையாவிட்டாலும் கடிபடும்போது வரும் அந்த உப்புச் சுவை ப்ரோக்கோலிக்கு அப்படிப் பொருந்தியது. மேலே சீஸ் போடவில்லை. பழைய பிரெட்டை உதிர்த்து எண்ணெயில் மொறுமொறுவென வறுத்துத் தூவினேன். சீஸ் வாங்க வசதியில்லாத தென் இத்தாலிய வீடுகளின் வழக்கம் அது. எனக்குச் சீஸைவிட இதுதான் பிடிக்கிறது.

அப்புறம், டியூரம் ரவை அரை கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். மாவைச் சின்னத் துண்டாக்கிக் கத்தியால் இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்தால் அந்தக் காது வருமாம். வரும் ஞாயிறு முதலில் 20 காது மட்டும் செய்து பார்க்கப் போகிறேன்.