மறுவாசிப்பில் தெரிந்த முகங்கள்

பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி குழுவினர் கேட்டபோது, பாடசாலைக் காலத்தைப் பற்றி எழுதுவதென்றால் அந்நாளில் படித்த நூல்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வகுப்பறையில் நடந்தவற்றில் பலவும் மங்கிவிட்டன. எந்த நூலை யார் கையிலிருந்து வாங்கினேன், எங்கே உட்கார்ந்து படித்தேன் என்பது மட்டும் இன்றும் துலக்கமாக இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பின்னர் அந்நூல்களில் சிலவற்றை மறுபடியும் படித்து வருகிறேன். பழைய நூலைத் திரும்ப எடுத்தால் அன்றைய சுவை கெட்டுவிடும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை அவருடைய இதழில் தொடர்கதையாக வந்தது. நான் முதலில் படித்தது நூலாக அச்சிட்ட பதிப்பை அன்று; வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த பைண்டு தொகுதியை. எங்கள் தமிழாசிரியர் தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து அதை எனக்குத் தந்தார். அத்தகைய தொகுதிகளைக் கையாண்டவர்களுக்கு அவற்றின் இயல்பு தெரியும். ஓர் அத்தியாயம் முடிந்த தாளின் மறுபுறத்தில் வேறொருவரின் சிறுகதை நடுவில் தொடங்கி நடுவிலேயே நின்றுவிடும். மணியம் வரைந்த படத்தின் ஓரத்தைப் பைண்டரின் கத்தி சற்றுத் தின்றிருக்கும். தையல் இறுகிய இடத்தில் வரிகளின் முதலெழுத்துகள் உள்ளே புதைந்திருக்க, அவற்றை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். மரக்கூழில் செய்த மலிவான தாள் தன்னிலுள்ள அமிலத்தாலேயே பழுப்பேறி ஓரங்களில் பொடிந்து விழும். நாம் பழைய புத்தக வாசம் என்று சொல்வதும், தாளிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் மெல்லச் சிதைவதால் எழுவதுதான். இந்தக் காரணமெல்லாம் தெரிந்த பின்னும், எங்கேனும் அவ்வாசம் மூக்கில் பட்டால் எனக்குக் கேட்பது ஆசிரியரின் குரலே: “மேல் மூலையைப் பிடித்துப் புரட்டு தம்பி, எச்சில் தொடாதே.”

அந்த வயதில் நாங்கள் வந்தியத்தேவனோடு குதிரையில் போனோம். ஆடிப் பெருக்கன்று அவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருவதில் தொடங்கி, அவன் இல்லாத அத்தியாயங்களையெல்லாம் விரைந்து தாண்டினோம். நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்த சுந்தர சோழர் எங்களுக்குக் கதையின் வேகத்தைத் தடுக்கும் ஒரு கிழவர். பெரிய பழுவேட்டரையரோ வெறும் பகைவர். இன்று நான் நின்று நின்று படிப்பது அவர்கள் இருவரையுந்தான். அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட வீரரான பழுவேட்டரையர், முதிர்ந்த வயதில் கொண்ட மயக்கத்தால் தாம் ஏமாற்றப்பட்டதை உணரும் பகுதியை, கல்கியின் எழுத்தில் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாக இப்போது மதிக்கிறேன். இளமையில் தாம் காதலித்த மந்தாகினி இறந்துவிட்டாள் என்று நம்பிப் பல ஆண்டுகள் மனம் வெந்த அரசர் சுந்தர சோழருக்காக, அந்த ஊமைப் பெண்ணே வந்து உயிரைக் கொடுக்கும் இடமும் அப்படிப்பட்டதுதான்.

என்னோடு படித்து இன்று வேறொரு நாட்டில் வாழும் நண்பர், மந்தாகினி இறக்கும்போது சொன்ன சொற்கள் தமக்கு நன்றாக நினைவிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். அவள் பேச இயலாதவள். பிரித்தானிய உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், நினைவுகூர்தல் என்பது பதிந்து கிடப்பதை அப்படியே எடுத்துத் தருவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று 1932இல் எழுதினார். நண்பருக்குத் தாயார் இளமையிலேயே தவறியவர். அவர் கேட்ட சொற்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது. நூலைக் காட்டித் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

எல்லா நூல்களும் இப்படித் திரும்ப அழைப்பதில்லை. அன்று தூக்கத்தைக் கெடுத்த துப்பறியும் கதைகளில், முடிச்சு தெரிந்த பின் எதுவும் மிஞ்சவில்லை.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அவ்வாறன்று. எண்பத்தைந்தாம் வயதை ஒட்டி, 1940இல் ஆனந்த விகடனில் அவர் எழுதத் தொடங்கிய அந்த வரலாறு, 1942இல் அவர் மறைந்ததனால் முற்றுப்பெறாமலே நின்றது. பாடநூலில் எங்களுக்கு அதன் சில பக்கங்களே இருந்தன. தம்மைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தது 1880, சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887 என்று ஆண்டுகளை மனனம் செய்தோம். பரீட்சைக்கு அவை போதுமாயிருந்தன. இப்போது முழு நூலையும் படிக்கையில், ஆண்டுகளைக் காட்டிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அருகில் அவர் மாணவராக இருந்த அத்தியாயங்களே என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. பிள்ளையவர்கள் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக மாணவர்கள் ஏட்டில் எழுதுவதும், 1876இல் திருவாசகம் வாசிக்கக் கேட்டபடியே அவர் உயிர் பிரிவதும் அவற்றில் வருகின்றன. தாமே எத்தனையோ பேருக்கு ஆசிரியராகி, தமிழ்த் தாத்தா என்று பெயர் பெற்ற பின்னரும், அந்தப் பக்கங்களில் ஐயர் ஒரு மாணவராகவே இருக்கிறார்.

அப்பகுதியை வகுப்பில் உரக்க வாசித்த எங்கள் ஆசிரியர், பிள்ளையவர்களின் மறைவு வரும் பந்தியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வாசிக்கும்படி என்னை எழுப்பினார். ஒரு சொல்லும் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்பதிலேயே என் கவனம் இருந்தது. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவரும் யாரோ ஒருவரின் மாணவராக இருந்தவர் என்ற எண்ணம், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அதே பந்தியை நான் தனியே படித்தபோதுதான் எனக்கு வந்தது.

பழைய பிரதி கைக்கு எட்டாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்குகிறது. ‘பொன்னியின் செல்வன்’ அங்கே உண்டு. ஆயினும் அன்று படித்த பிரதியே கிடைக்குமானால் அதையே எடுங்கள் என்பேன். யாரோ பென்சிலால் இட்ட கோடும் மடித்துவிட்ட பக்கமூலையும் திரையில் வருவதில்லை.

அந்த ஆசிரியரின் கையால் நூல் வாங்கிப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அது எந்த நூல், அன்று தாண்டிச் சென்ற பகுதியில் இன்று யாரைக் கண்டீர்கள் என்பதைச் சில வரிகளில் மலர்க்குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். வருபவற்றைத் தொகுத்து அடுத்த மலரில் அவர் பெயரால் வெளியிடக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள்.