தரங்கம்பாடி: கப்பல் கரையணையாத துறைமுகம்

தரங்கம்பாடிக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இவ்வூரின் பழைய துறைமுகம் எப்படி இயங்கியது என்பதை அறிந்துகொள்ளவே நான் அங்கு சென்றேன். 1792 என்று ஆண்டு பொறித்த நுழைவாயிலைக் கடந்து, ராஜ வீதி வழியே நேராக நடந்து கடற்கரைக்கு வந்து நின்றால், துறைமுகம் என்று சுட்டிக்காட்ட அங்கே எதுவும் இல்லை. கோட்டை மதிலுக்கு அப்பால் மணலும் அலைகளும்தான் இருக்கின்றன.

சோழமண்டலக் கரையின் இயல்பு அது. ஆழமற்ற கரையோரத்தில் அலைகள் ஓயாமல் உடைவதால், பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கோட்டை எழுப்பியபோதும், ஏற்றுமதிக்கான துணி மூட்டைகளை அலை தாண்டிக் கப்பலில் சேர்க்க இந்தக் கரையின் படகோட்டிகளையே நம்பியிருந்தார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் விரிசல் விட்டுவிடும் என்பதால், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துப் படகு கட்டினார்கள். அலை அடிக்கும்போது அது உடையாமல் வளைந்து கொடுத்தது. என்னைப் பொறுத்தவரை, இந்த ஊரின் உண்மையான துறைமுகம் அந்தப் படகுகளும் அவற்றைச் செலுத்திய கைகளும்தான்.

கோட்டையின் கீழ்த்தளத்தில், வளைந்த கூரைக்கு அடியில் உள்ள சரக்கறைகளில் நின்றபோது எனக்கு அச்செழுத்துகளின் நினைவு வந்தது. 1706இல் இங்கு வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு, 1713இல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் அவை. அத்தனை கனமான உலோகப் பெட்டிகளும் இந்த அலைகளைத் தாண்டித்தானே கரையேறியிருக்க வேண்டும்! தமிழ் அச்சு வரலாற்றைப் பேசும்போது அந்தப் படகோட்டிகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கோட்டைக்கு அருகிலேயே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பின்னர் ரயில் பாதை நாகப்பட்டினத்தை எட்டியதும், வணிகமும் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று தரங்கம்பாடி மீனவர்களுக்கென அலைத்தடுப்புச் சுவர்களோடு புதிய மீன்பிடித் துறைமுகம் கட்டப்பட்டிருக்கிறது. காலம் கடந்து வந்தாலும், கிடைக்க வேண்டியவர்களுக்கே அது கிடைத்திருக்கிறது. கயிற்றால் தைத்த படகு ஒன்றை முழு அளவில் செய்து கோட்டை வாசலில் நிறுத்தினால், வருகிறவர்களுக்கு இந்த ஊரின் கதை இன்னும் முழுமையாகப் புரியும்.