யாருடைய செக்கன்? உள்ளூராட்சித் தேர்தலில் தொலைக்காட்சிச் செய்திகளை அளந்த முறை

இலங்கையின் 2025 மே 6 உள்ளூராட்சி மன்றத் தேர்தலை ஒட்டி, இரவுச் செய்தி அறிக்கைகளை நாளாந்தம் பதிந்து, எந்தக் கட்சிக்கு எத்தனை செக்கன் போனது என்று அளந்த வேலையின் குறிப்பு இது. அடுத்த தேர்தலில் நாலைந்து பேர் சேர்ந்து இதே வேலையைத் தொடங்கினால் எங்கே கால் இடறும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

முதலில் பதிவு. யூடியூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே, பிறகு பார்த்து எண்ணலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அலைவரிசைகள் யூடியூப்பில் ஏற்றுவது பெரும்பாலும் மறுபடி வெட்டி ஒட்டிய பிரதி. தலைப்புச் செய்திகள் இருக்காது, விளம்பர இடைவேளை இருக்காது, சில நேரம் பிரச்சினையான ஒரு துண்டு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். முறைப்பாட்டோடு போகும்போது "அப்படி ஒன்று ஒளிபரப்பாகவே இல்லை" என்று சொன்னால் கையில் எதுவும் இருக்காது. ஆகவே ஒளிபரப்பாகும் நேரத்திலேயே சொந்தமாகப் பதிய வேண்டும்.

செட் டொப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக எடுத்தால் படத்துக்குப் பதில் கறுப்புத் திரை மட்டும் பதிவாகலாம். பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அந்த வழியில் இருப்பதுதான் காரணம். பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பழைய துவாரங்கள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் கீழே ஓடும் எழுத்தை வாசிக்க முடிந்தால் இந்த வேலைக்குப் போதும். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் 30 நிமிட அறிக்கை ஏறக்குறைய 450 எம்பி. வேட்புமனு முடிந்த மார்ச் 20 முதல் மே 6 வரை 48 நாள். நான்கு அலைவரிசைக்கு, அறிக்கையின் நேரத்தை மட்டும் எண்ணினால், 86 ஜிபி சொச்சம். இரண்டு பிரதி வைத்தாலும் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும். இடத்தை விட நேரம்தான் தலையிடி: 6.55க்கு இரண்டு, 7 மணிக்கு ஒன்று, 8 மணிக்கு இரண்டு என்று அறிக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒரு பெட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பதியலாம். எத்தனை பெட்டி இருக்கிறதோ அத்தனை அலைவரிசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அறிக்கைக்கு 5 நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்த பிறகும் 10 நிமிடம் ஓட விடுங்கள். தேர்தல் காலத்தில் அறிக்கைகள் நீளும். மின் தடைப்பட்டாலும் ஓட வைக்கும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அடுத்தது அளவைத்தாள். எக்செல் போதும். திகதி, அலைவரிசை, அறிக்கையில் எத்தனையாவது செய்தி, தொடக்கம், முடிவு, பொருள், பேசப்பட்டவர், கட்சி அல்லது குழு, உள்ளூராட்சி சபை, சொந்தக் குரலில் பேசிய செக்கன், அவரைப் பற்றி மற்றவர் பேசிய செக்கன், தொனி, ஆணா பெண்ணா, எந்த நிலையில் தோன்றினார். ஒரு செய்தியில் மூன்று பேர் வந்தால் மூன்று வரி. பெண் வேட்பாளர் என்ற நிரலை விட்டுவிடாதீர்கள். சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. செய்தியில் அவர்கள் குரல் எத்தனை செக்கன் என்பதை எண்ணும்போதுதான் அந்த இடைவெளி முகத்தில் அடிக்கும்.

கட்சி நிரலில் ஒரு பொறி இருக்கிறது. 'சுயேச்சைக் குழு 1' என்பது ஒவ்வொரு சபையிலும் வேறு வேறு ஆட்கள். சபையின் பெயரைச் சேர்க்காமல் எழுதினால், வலிகாமத்தில் போட்டியிட்ட ஒரு குழுவும் மட்டக்களப்பில் போட்டியிட்ட இன்னொரு குழுவும் கூட்டலில் ஒரே கட்சி ஆகிவிடும். முதல் வாரத்து அட்டவணையில் சுயேச்சைகள் மூன்றாமிடத்துக்கு வந்து நிற்க, பிறகுதான் காரணம் விளங்கும். பெயர்களும் அப்படித்தான், கட்சியைச் சின்னத்தின் பெயராலும் சொல்வார்கள். தேசிய மக்கள் சக்தி, என்பிபி, திசைகாட்டி, அதன் சிங்களப் பெயரான மாலிமாவ எல்லாம் ஒன்று. தமிழரசும் வீடும் ஒன்று. சங்கு என்றால் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி. ஒரே கட்சி ஓரிடத்தில் தன் சின்னத்திலும் இன்னோரிடத்தில் கூட்டணிச் சின்னத்திலும் நிற்கும். இந்த மாற்றுப் பெயர்ப் பட்டியலை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்று, போட்டியாளர் பட்டியலே நடுவில் மாறும். 2025இல் நிராகரிக்கப்பட்ட வேட்புமனுக்கள் சிலவற்றை ஏற்கும்படி ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் குழுக்களுக்கு மார்ச் மாதச் செக்கன்கள் பூச்சியமாக இருப்பதை அலைவரிசையின் குற்றமாக எழுதக்கூடாது.

இனித்தான் உண்மையான சண்டை. ஆளுங்கட்சி அமைச்சர் ஒருவர் தோன்றினால் அது அரசாங்கச் செய்தியா, பிரசாரமா?

இப்படி ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 100 செக்கன். ஒரு பிரதேச சபை எல்லைக்குள் வீதி திறப்பு. வாசிப்பாளர் முன்னுரை 18 செக்கன். நாடா வெட்டும் காட்சி, செய்தியாளர் குரலோடு 34. அமைச்சரின் பேச்சு 31. ஊர்க்காரர் ஒருவரின் நன்றி 17. பேச்சின் முதல் 19 செக்கன் வீதியின் நீளம், செலவு. கடைசி 12 செக்கனில் "இந்தச் சபையும் எங்கள் கைக்கு வந்தால்தான் அடுத்த வீதி வேகமாக வரும்" என்கிறார்.

முழுவதையும் பிரசாரம் என்று போட்டால் அலைவரிசை சிரிக்கும். முழுவதையும் அரசாங்கம் என்று போட்டால் எதிர்க்கட்சி சிரிக்கும். நாங்கள் வைத்திருந்த விதி இதுதான்: வாக்குக் கேட்கும் சொல், எதிராளியின் பெயர், சபையைக் கைப்பற்றும் பேச்சு, கட்சிச் சின்னம், வேட்பாளர் மேடையில் அறிமுகமாவது. இந்த ஐந்தில் ஒன்று வரும் இடத்திலிருந்து அந்தப் பேச்சு முடியும் வரை கட்சிக் கணக்கு. மற்றதெல்லாம் அரசாங்கக் கணக்கு. ஆக மேலே சொன்ன செய்தியில் கட்சிக்கு 12, அரசாங்கத்துக்கு 19 பேச்சும் 34 காட்சியும். ஊர்க்காரரின் 17 செக்கன் அரசாங்கத்தின் பக்கம், நேர்மறைத் தொனியோடு. முன்னுரை 18 செக்கன் எங்கே போகும் என்பதை வாசிப்பாளரின் வாக்கியம் தீர்மானிக்கும். "புதிய வீதி திறந்து வைக்கப்பட்டது" என்றால் அரசாங்கம். "சபையைத் தாருங்கள் என்கிறார் அமைச்சர்" என்றால் கட்சி.

அறிக்கையில் இந்த இரண்டு கணக்கையும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பல நாட்களில் கட்சிக் கணக்கு மட்டும் பார்த்தால் எல்லாம் சமமாகவே தெரியும். சாய்வு இருப்பது அரசாங்கக் கணக்கின் பருமனில்.

2025 ஏப்ரல் இதற்கு நல்ல பரீட்சை. மாதத் தொடக்கத்தில் இந்தியப் பிரதமரின் வருகை, பிறகு சித்திரைப் புத்தாண்டு, 18 முதல் 27 வரை கண்டியில் புத்தரின் புனிதப் பல்லைக் காணும் தலதா தரிசனம், 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் நினைவு நாள், அதே நாளில் பாப்பரசர் பிரான்சிஸின் மரணம். ஒவ்வொன்றிலும் ஜனாதிபதியின் முகம் வரும், வரத்தான் வேண்டும். அதைக் குற்றமாக எழுதினால் கண்காணிப்பே கேலியாகிவிடும். மே 1 வேறு மாதிரி. மே தினக் கூட்டம் வாக்களிப்புக்கு ஐந்து நாள் முன்பு வருகிறது, எல்லாக் கட்சியும் மேடை போடுகிறது. ஆளுங்கட்சியின் கூட்டம் காலி முகத்திடலில். அது தொழிலாளர் தினச் செய்தியல்ல, முழுக்கக் கட்சிக் கணக்கு. இங்கே எண்ண வேண்டியது நேரத்தை மட்டுமல்ல. எந்தக் கூட்டத்துக்கு உயரத்திலிருந்து எடுத்த ட்ரோன் காட்சி, எந்தக் கூட்டத்துக்கு வெறும் கதிரைகளின் அண்மைக் காட்சி என்பதையும் குறிப்பு நிரலில் எழுதுங்கள்.

தொனி பற்றி. புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள்: எதிர்க்கட்சிக்காரர் அரசாங்கத்தைத் திட்டினால் அந்தச் செய்தியை 'எதிர்மறை' என்று அவர் பெயரிலேயே எழுதுவார்கள். அவர் காரமாகப் பேசுகிறார், அவ்வளவுதான். அவருக்கு அது நடுநிலை. திட்டு வாங்கியவர் வரியில் எதிர்மறை, மூலம் 'பேச்சாளர்'. அலைவரிசை தன் வாயால் சொன்னதை மட்டும் மூலம் 'அலைவரிசை' என்று போட வேண்டும். சாய்வை அளப்பது இரண்டாவதில்தான். அதற்கு வினைச்சொல்லைப் பிடியுங்கள். ஒருவர் 'தெரிவித்தார்', 'சுட்டிக்காட்டினார்', இன்னொருவர் 'புலம்பினார்', 'மழுப்பினார்', 'ஒப்புக்கொண்டார்'. எங்கள் விதிப்படி இயல்புநிலை நடுநிலை. வேறு எதையாவது போட விரும்பினால் அந்தச் சொல்லையும் அது வந்த செக்கனையும் பக்கத்தில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அது நடுநிலைதான், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தமிழ் அறிக்கைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சிங்களத்தில் பேசும் தலைவர்களின் குரலை அடக்கி மேலே தமிழ்க் குரல் ஓடும், அல்லது கீழே எழுத்து ஓடும். முகம் திரையில் இருக்க, அவர் சொல்வதாகவே மொழிபெயர்ப்பு வந்தால் அதைச் சொந்தக் குரலாக எண்ணினோம். செய்தியாளர் சுருக்கிச் சொன்னால் மற்றவர் பேசிய நேரம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், மொழிபெயர்ப்பில் கூடியதும் குறைந்ததும் அகப்படும்.

ஒரு 30 நிமிட அறிக்கையை ஒழுங்காக எண்ண இரண்டு மணிநேரத்துக்குக் குறையாது. மூன்றாவது வாரத்தில் கண் களைத்து, ஐந்து செக்கன், பத்து செக்கன் என்று எல்லாம் வட்ட எண்ணாகத் தொடங்கும். முடிவு நிரலில் பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் எண்கள் கூடினால் அந்த ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

பத்தில் ஒரு பங்கை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். இதில் சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள். 100 செய்தி. இருவரும் தனித்தனியே 90ஐ நடுநிலை, 10ஐ எதிர்மறை என்கிறார்கள். 84இல் இருவரும் நடுநிலை, 4இல் இருவரும் எதிர்மறை, 12இல் முரண். 88 சதவீதம் உடன்பாடு, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலே 82 சதவீதம் பொருந்தியிருக்கும். தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் காப்பா அளவில் இது 0.33தான். 0.8க்கு மேல் வந்தால் நிம்மதி, 0.67க்குக் கீழே என்றால் அந்த வாரத் தொனி எண்களை வெளியிடாமல் விதியைத் திருத்தி மறுபடி எண்ணுவது ஒழுங்கு.

முடிவைச் சொல்லும்போது நியாயத்தைச் சமம் என்று மயங்கக்கூடாது. 339 சபைகளில் தேர்தல். மூன்று சபைகளில் மட்டும் நிற்கும் குழுவுக்கும் நாடு முழுக்க நிற்கும் கட்சிக்கும் ஒரே நேரம் கேட்பது நியாயம் ஆகாது. எத்தனை சபையில் நிற்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்து, அதோடு செக்கன் பங்கை ஒப்பிடுவதே ஓரளவு நேர்மை. ஒரு நாள் அறிக்கையை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். வாரக் கூட்டலுக்குக் கீழே போனால் ஒரு நேர்காணலே விகிதத்தைத் தலைகீழாக்கிவிடும்.

முறைப்பாடு எழுதும்போது சட்டம் எதுவரை நீளும் என்று தெரிந்து எழுதுங்கள். அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை ஊடக வழிகாட்டல்களை வெளியிடும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. அவற்றைப் பின்பற்றச் செய்யும் கடமையை ரூபவாஹினி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனங்களின் தலைவர்கள் மீது நேரடியாகச் சுமத்துகிறது. மீறினால், அரசியல் ஒளிபரப்புகளைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை ஆணைக்குழு நியமிக்கலாம். 2010 ஜனாதிபதித் தேர்தலில் அப்படி ஒருவரை நியமித்தும் பயனில்லாமல் திரும்பப் பெற்ற அனுபவமும் உண்டு. தனியார் அலைவரிசை என்றால் பெரும்பாலும் அறிவுறுத்தலோடு நிற்கும். முறைப்பாட்டில் அலைவரிசை, திகதி, மணி, செக்கன், பேசிய சொற்கள் அப்படியே, 40 செக்கனுக்குள் ஒரு காணொளித் துண்டு, வழிகாட்டலின் எந்தப் பிரிவு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அன்றிரவே அனுப்புங்கள், நாலு நாள் கழித்து வரும் கடிதத்தால் எதையும் திருத்த முடியாது. பிரசாரம் மே 3 நள்ளிரவோடு முடிந்தது. அதற்குப் பிந்திய இரண்டு நாளும் 'மீள்பார்வை' என்ற பெயரில் பழைய மேடைப் பேச்சுகள் ஓடுகின்றனவா என்று கவனியுங்கள்.

விளம்பரங்களைத் தனித் தாளில் எண்ணுங்கள். 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு அந்தக் கணக்குக்கு வேறொரு பயன் இருக்கிறது: கட்சிகள் காட்டும் செலவோடு ஒப்பிடலாம்.

வாக்களிப்போடு கணக்கை மூடுவதா என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். கொழும்பு மாநகர சபையில் 117 ஆசனங்களில் ஆளுங்கட்சிக்கு 48, பெரும்பான்மை இல்லை. மேயர் தெரிவு ஜூன் 16இல்தான் நடந்தது. இடையில் ஆறு வாரம், ஒவ்வோர் இரவும் பேரம் பற்றிய செய்தி. வாக்குக் கேட்கும் சொல்லே இல்லாத அந்தச் செய்திகளுக்கு மேலே சொன்ன ஐந்து அடையாளங்களும் உதவவில்லை. இப்போது அதற்கென்று வேறொரு தாளை எழுதிக்கொண்டிருக்கிறோம்.