போர்ட்ஃபோலியோவில் நான் சேர்க்காமல் விட்ட பக்கங்கள்

கலை, வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். படிவம் நிரப்புவது பத்து நிமிட வேலைதான். என் உயிரை எடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் வரைந்ததையெல்லாம் தொகுத்துக் கொடுக்கும் கோப்பு.

20 படங்கள், ஒரே பிடிஎஃப், 10 எம்பிக்குள் இருக்க வேண்டும். என்னுடையது 64 எம்பி. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒன்றில் போட்டுச் சுருக்கினேன், பென்சில் கோடெல்லாம் பூசணம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "எல்லாம் வெப்சைட்ல இருக்கு, பாருங்க." அதைப் பார்த்துப் புரியாமல்தானே போன் செய்கிறேன்! அப்புறம்தான் உறைத்தது, ஒவ்வொரு படமும் கேமரா கொடுத்த 4000 பிக்சல் அகலத்திலேயே இருக்கிறது. முதலில் 2000 பிக்சலாகக் குறைத்து, பிறகு பிடிஎஃப் ஆக்கினேன். கோடும் பிழைத்தது, கோப்பும் ஏறியது. நிறங்கள் வேறு வெளிறிக் கிடந்தன. அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் சேமித்து வைத்திருக்கிறேன், புத்திசாலி. திரையில் பார்க்கப்போகும் படத்துக்கு ஆர்ஜிபிதான்.

போட்டோ எடுத்ததும் ராத்திரி, மஞ்சள் பல்புக்குக் கீழே. கரி ஓவியங்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் வந்தன. நேர் வெயில் படாத ஜன்னல் ஓரமாக வைத்து, கேமராவைப் படத்துக்கு நேராகப் பிடித்து மறுபடி எடுத்தேன். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் செவ்வகம் கோணிக்கொள்ளும்.

நேர்காணலுக்கு அசல் படங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே அடிக்காமல், நடுவில் வெற்றுத்தாளும் வைக்காமல் அடுக்கிக்கொண்டு போனேன். திறந்தால், நான் வரைந்த கிழவியின் மூக்கு அடுத்த தாளின் முதுகில் இருக்கிறது.

ஆனால் அந்த மூக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. முடித்த படங்களை மடமடவென்று தள்ளிக்கொண்டே வந்த பேராசிரியர் ஒரு மேசை விளக்கு வடிவமைப்பில் நிறுத்தி, "இதுக்கு முன்னாடி என்னென்ன போட்டுப் பார்த்தீங்க?" என்றார். அதையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, படங்கள் மடங்காமல் இருக்கத் தாங்கலாகப் பைக்குள் செருகியிருந்தது அதே ஸ்கெட்ச்புக்தான். பக்கம் பக்கமாக விளக்குகள், பாதிக்கு மேல் அடித்துப் போட்டவை. ஒன்றின் ஓரத்தில் "கேவலம்" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். "ஏன் கேவலம்?" என்றார். தலை கனமாக, அடி சிறுத்து, தொட்டால் விழும் என்றேன். அதைப் பற்றியே கால் மணி நேரம் பேச்சு ஓடியது.

கடைசியாக ஒரு தாளைக் கொடுத்து, பசை இல்லாமல், துண்டு வீணாக்காமல் நிற்க வைக்கச் சொன்னார்கள். ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்த யோசெஃப் ஆல்பர்ஸ் தன் மாணவர்களுக்கு இதே மாதிரி காகிதப் பயிற்சிதான் கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் தாள் இரண்டு முறை சரிந்தது. விசிறி மாதிரி மடித்து வளைத்ததும் நின்றுவிட்டது.

இடம் கிடைத்துவிட்டது. கிழவிக்குத்தான் இன்னும் மூக்கு போடவில்லை.