எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் பரம எதிரிகளான பாஸ்டன் செல்டிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிகளின் ரசிகர்கள் வாதாட உட்கார்ந்தால், ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஐந்தே நிமிடத்தில் ஓய்ந்து, கணக்கு வழக்கு தொடங்கிவிடும். செல்டிக்ஸ் 2024இல் வென்றது அவர்களின் 18ஆவது சாம்பியன் கோப்பை. லேக்கர்ஸிடம் இருப்பவை 17. விவகாரம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் தீர்வதில்லை.

லேக்கர்ஸ் அணி மினியாபொலிஸில் இருந்தபோது, 1949 முதல் 1954 வரை வென்ற ஐந்து கோப்பைகளை லாஸ் ஏஞ்சலஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாஸ்டன்காரர்களின் வாதம். மினியாபொலிஸ் இருக்கும், ஏரிகள் (லேக்) நிறைந்த மினசோட்டா மாநிலத்தில் வைத்த ‘லேக்கர்ஸ்’ என்ற பெயரையே அணி இன்றும் சுமக்கிறது. பெயர் செல்லும், கோப்பை மட்டும் செல்லாதா? (நான் லேக்கர்ஸ் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) பதிலுக்கு எங்கள் ஆட்கள், செல்டிக்ஸ் நட்சத்திரம் பில் ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் செல்டிக்ஸ் 11 முறை வென்றதை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் லீகில் இருந்தவையே எட்டு அணிகள்தானே என்று இளக்காரம் பேசுவார்கள். 1959 முதல் 1969 வரை அதே செல்டிக்ஸிடம் இறுதித் தொடரில் ஏழு முறை தோற்றது நாம்தான் என்பது அப்போது அவர்கள் நினைவுக்கு வராது.

எங்களுக்குப் பிடித்த ஆண்டு 1980. லேக்கர்ஸுக்கு மேஜிக் ஜான்சனும் செல்டிக்ஸுக்கு லாரி பேர்டும் ஆட நுழைந்த பருவம் அது. அங்கிருந்து எண்ணினால் லேக்கர்ஸுக்கு 11, செல்டிக்ஸுக்கு 5. எண்களில் பிழையில்லை, கோட்டைத்தான் நமக்கு வசதியான இடத்தில் கிழித்திருக்கிறோம்.

ஒரே ஆட்டத்துக்குள்ளும் இதே கதைதான். 2010 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை லேக்கர்ஸ் 83–79 என வென்றது. எங்கள் நட்சத்திரம் கோபி பிரையன்ட் வளையத்தை நோக்கி எறிந்த 24இல் உள்ளே விழுந்தவை 6 மட்டுமே என்பதைச் செல்டிக்ஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். நான் உடனே அவர் பிடித்த 15 ரீபவுண்டுகளை, அதாவது வளையத்துக்குள் விழாமல் திரும்பிய பந்துகளை, எடுத்து வைப்பேன்; தவறிய பந்தை எதிரணியின் வளையத்தடியிலேயே மீண்டும் கைப்பற்றியதில் லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 8 என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அன்று யாருக்கும் எறிதல் சரியாக அமையவில்லை; ஆட்டத்தைத் தீர்மானித்தது அந்த இரண்டாவது வாய்ப்புகளே என்பது என் கணிப்பு.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2008 தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனில் 131–92 என்று வாங்கிய அடியை மட்டும், அவர்களாக எடுக்கும்வரை நான் எடுப்பதில்லை.